பத்து மணித்தியால விருந்தாளி

காலை பத்து மணி இருபது நிமிடம். லண்டன் ஹவுன்ஸ்லோவில் நான் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி ஜன்னலிலிருந்து முதலில் தெரிந்தது, ஒரு சிறிய பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தபடி வந்த இரண்டு பெண்கள். ஒருவர் விருந்தாளி, பெட்டி அவருடையது. மற்றவர் வீட்டுக்கார அக்கா. விமான நிலையக் கடையொன்றில் அதிகாலை ஷிப்ட் முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் விருந்தாளியைக் கையோடு அழைத்து வந்திருந்தார்.

ஹீத்ரோவில் விமானம் மாறும் உறவினர், உறவினரின் அயலவர், அயலவரின் சம்பந்தி என்று எல்லோருக்கும் இந்த வீட்டில் சாப்பாடு உண்டு. தொலைபேசியில் அக்கா கேட்பது ஒரே கேள்வி: "எத்தினை மணித்தியாலம் நிப்பியள்?" ஆறு என்றால் புட்டும் மீன் குழம்பும். எட்டு என்றால் சோறும் மூன்று கறியும். பத்து என்றால் கணவாய்ப் பிரட்டலும், குளித்துவிட்டுப் படுக்க ஒரு கட்டிலும். இதுவரை யாரும் விமானத்தைத் தவறவிட்டதில்லை.

அன்று வந்தவர் பத்து மணி நேரக்காரர். டொராண்டோவிலிருந்து கொழும்புக்குப் போகிறார். கட்டில் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கனடாவுக்குக் குடிபோகும்முன், லண்டனின் மறுகோடியில் உள்ள அப்டன் பார்க்கில் ஐந்து வருடம் ஒரே அறையில் கூட இருந்த தோழியைப் பார்க்க வேண்டும். பார்த்து இருபது வருடமாகிறது. தோழி இன்னும் அங்கேதான், ஒரு தமிழ்க் கடையில் கல்லாவில் நிற்கிறார். லீவு எடுத்துக்கொண்டு ஒரு மணிக்கு இங்கே சாப்பிட வருவதாக ஏற்பாடு.

பதினொன்று ஐம்பதுக்குத் தோழி போன் செய்தார். கூட வேலை செய்யும் பெண் வரவில்லை, முதலாளி விடமாட்டேன் என்கிறார்.

"அரை மணித்தியாலப் பிரேக்தான் இருக்கு. வர ஏலாதடி."

விருந்தாளி கடித்த பயற்றம் பணியாரத்தைத் தட்டில் திரும்ப வைத்தார்.

அக்கா அடுப்பை அணைத்தார். "அவ வராட்டி என்ன? சோறு போகட்டும்."

விருந்தாளியின் பெட்டியிலிருந்த உடுப்புகளைக் கட்டிலில் கொட்டினார். கறிச் சட்டிகளை ஃபாயில் தாளிலும், அதன் மேல் துவாயிலும் சுற்றிப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்தார்.

"ரெயினுக்குள்ள மணக்காதே, அக்கா?"

"மணந்தா அவங்களுக்கும் பசிக்கும். நட."

சோற்றுச் சட்டி என் மடியில் வந்தது. பாரன்ஸ் கோர்ட்டில் ரயில் மாறும்போதும் பெட்டியைச் சாய்க்க அக்கா விடவில்லை.

ஒன்று ஐம்பத்தைந்துக்குக் கடைக்குள் நுழைந்தோம். தோழி கல்லாவை விட்டு வெளியே வந்தார்.

"என்னடி, இப்பிடிப் பெருத்திட்டாய்?"

"நீ கண்ணாடியே பாக்கிறேல்லையோ?"

பிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணித்தியாலம்தான். சொல்லிப்போட்டன்."

அக்கா வாதாடவில்லை, கெஞ்சவுமில்லை. பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பால் வரும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டைக் கவிழ்த்து, தோழிகளை உட்காரவைத்தார். ஆனால் முதல் தட்டு அவர்களுக்குப் போகவில்லை. அதை நிரப்பிக் கல்லாவுக்குக் கொண்டுபோனார்.

"அண்ணை, முதல்ல நீங்கள்."

"ஐயோ வேண்டாம், நான் சாப்பிட்டிட்டன்."

"கணவாய் சாப்பிட்டனீங்களோ?"

அவர் இன்னொரு தரம் மறுத்தார். பிறகு தட்டை வாங்கினார்.

அரை மணி நேரம் முடிந்தபோது அவருடைய தட்டில் பாதிச் சோறு இருந்தது. அக்கா சட்டியோடு போய் மேலும் இரண்டு அகப்பை போட்டார். ஒருவருடைய சோற்றைத் தின்றுகொண்டே அவருடைய விருந்தாளியைப் பந்தியிலிருந்து எழுப்ப எங்கள் ஆட்களால் முடியாது. அதை அக்கா யாருக்கும் சொல்லவில்லை, எனக்குக்கூட. கரண்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றார், உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும்போது மட்டும் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வாடிக்கையாளர் மரக்கறிகளைக் கொண்டுவந்து வைத்தார். முதலாளி வலது கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மெஷினைத் தட்டினார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகும் பின்னறைப் பக்கம் அவர் வரவில்லை.

மூன்றே கால் வரை அவரே கல்லாவில் நின்றார்.