கட்டைவிரல் உயரப் படை

பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் ஏறிய கையால் சோற்றைப் பிசைந்தால் சாம்பாரோ புளிக்குழம்போ எல்லாம் ஒரே ருசியாகத்தான் இருக்கும். நாக்கின் அடியில் லேசாக எரிகிற அந்தக் கசப்பை நானும் அக்காவும் ஒரு வருஷத்துக்கு மேல் தின்றோம். அம்மா தட்டை மோந்து பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெ ஊத்துன மாதிரி நாறுது, கையக் கழுவித் தொலைங்கடி" என்று கத்துவாள். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஒட்டிய பெயின்ட் போகாது.

எங்கள் வீடு வலங்கைமானுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய காலனித் தெருவில் இருந்தது. தாத்தா காலம் வரைக்கும் மேலத்தெருக்காரர்களின் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். அப்பா சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன பிறகுதான் எங்களுக்கு ஓட்டுக்கூரை வந்தது. ஒரு தடவை லீவில் வந்தவர், தைலப் புட்டிகளுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே ஓரம் நசுங்கிய ஓர் அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தார். அவர் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மீசை வைத்த பெரிய ஆட்கள் மேசையைச் சுற்றி நின்று பொம்மைச் சிப்பாய்களை நகர்த்திச் சண்டை போடுவார்களாம். அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பாராம். கடையைக் காலி செய்த அன்று கடைக்காரர் அவரைக் கூப்பிட்டு, விற்காமல் கிடந்த இந்தப் பெட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார். பழங்கால இந்தியப் படை என்று அதன்மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

உள்ளே எல்லாம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். கை தனி, தலை தனி, ஈட்டி தனி என்று சட்டத்தில் கோத்திருந்ததை வெட்டியெடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டி நிறுத்தினால் ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரம்தான். ஈட்டிக்காரர்கள், வில்காரர்கள், வாளும் கேடயமும் வைத்திருப்பவர்கள், ஒரு யானை, அதன்மேல் ஒரு தலைவன். கூடவே பகடைகளும் ஒரு சின்ன விதிப்புத்தகமும். அக்கா பூங்கொடி அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து அகராதியை இரவல் வாங்கிவந்து அந்தப் புத்தகத்தை வரிவரியாகத் தமிழில் எனக்குச் சொன்னாள்.

பெரிய போர் கிடையாது, கைகலப்புதான். கட்சிக்குப் பத்துப் பேர் போதும். ஸ்கேலை வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை போட்டு வெட்ட வேண்டும். பக்கத்தில் நின்றவன் விழுந்தால் மிச்சமிருப்பவன் நிற்பானா ஓடுவானா என்பதற்கும் ஒரு பகடை உண்டு. அக்கா அதற்கு 'நெஞ்சுரம்' என்று பேர் வைத்தாள். எந்தக் கோட்டையைப் பிடிப்பது என்று புத்தகம் கேட்டிருந்தது. எங்களுக்குக் கோட்டை எங்கே தெரியும்? வாய்க்கால் மண்ணில் வரப்புப் பிடித்து, உமியைப் பச்சைச் சாயத்தில் முக்கி வயலாகத் தூவி, நடுவில் ஒரு 'மடை' வைத்தாள். வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் ஜெயித்தவர்கள்.

வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தால் எவன் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. அதனால்தான் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தாள். கடைகளுக்குப் பேர் எழுதுகிற ஒருவர் மிச்சம் வைத்த எனாமல் டப்பாக்களைத் தந்தார். சிவப்புக்கு அம்மாவின் நகப்பூச்சு. முதலில் அடித்தவையெல்லாம் நாசம். பெயின்ட் கெட்டியாக வழிந்து, மூக்கும் வாயும் மூடி, சிப்பாய்கள் அம்மை போட்டவர்கள் மாதிரி நின்றார்கள். நகப்பூச்சைத் துடைக்கிற ரிமூவரால் ஒருவனைக் கழுவப்போய், பிளாஸ்டிக்கே இளகி அவன் கை கழன்று வந்துவிட்டது. பிறகுதான் டர்பன்டைன். தண்ணீர் மாதிரிக் கரைத்து, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சு. கடைசியாகக் கறுப்பை இன்னும் நீர்க்கக் கரைத்து மேலே விட்டால் அது துணி மடிப்பிலும் விலா எலும்பின் இடுக்கிலும் தானாக ஓடி உட்கார்ந்துகொள்ளும். அப்போதுதான் பொம்மைக்கு உடம்பு வரும். அந்த நிமிஷத்தைப் பார்க்க நான் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"பொம்மைக்குக் கலர் அடிச்சா அது எழுந்து நடக்கவா போவுது?" என்பாள் அம்மா. ஆனால் ஒருநாள் காயவைத்திருந்த சிப்பாய்களைக் குனிந்து பார்த்தவள், திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, இது நம்ம மாரிமுத்து மச்சான்தானே? அதே நரச்ச மீச, அதே தொந்தி." ஆமாம். அக்கா தெருவில் உள்ளவர்களைத்தான் ஒவ்வொருவராகத் தீட்டிக்கொண்டிருந்தாள். தோளில் துண்டு, முழங்காலில் வெட்டுத் தழும்பு, வெற்றிலை போட்ட வாய். செய்தி பரவி, சாயங்காலம் களையெடுத்துவிட்டு வந்த பெண்களெல்லாம் எங்கள் வாசலில் கூடினார்கள். "எங்க வூட்டுக்காரர காணுமே, அவரு என்ன சண்டைக்குப் பயந்தவரா?" என்று ஒருத்தி கேட்க, மறுவாரம் அவரும் வில்லோடு வந்துவிட்டார்.

ஆட எதிராளி வேண்டும். எனக்குப் பகடை உருட்டவும் ஸ்கேல் பிடிக்கவும்தான் தெரியும். எதிராளியாக வந்தவள் சுந்தரி, அக்காவின் வகுப்பு, மேலத்தெரு. கணக்குப் பாடம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாய்க்கால் பாலம் தாண்டி வருவாள். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பாள், முறுக்குத் தின்பாள்; திரும்பும்போது வாயைத் துடைத்துக்கொண்டு போவாள். அதை நான் கவனித்திருக்கிறேன். ஆனால் மேசையில் அவள் பொல்லாதவள். அக்கா தீட்டுவதில் கெட்டிக்காரி, சண்டையில் அவசரக்காரி. சுந்தரி நிதானமாக வில்காரர்களை வரப்புக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டு, "வாடி, வந்து மடையத் தொடு பாக்கலாம்" என்பாள். சண்டை முற்றி இருவரும் பேசாமல் பிரிந்த நாட்கள் உண்டு. மறுநாளே சுந்தரி பாலத்தில் நிற்பாள். அவர்களைப் போல ஒருவருக்கொருவர் தேவைப்பட்ட இரண்டு பேரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

பள்ளியில் கண்காட்சி வந்தது. ஓவிய ஆசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, முழு வயலையும் பலகையோடு தூக்கிவரச் சொன்னார். பள்ளி அளவில் முதலிடம். அடுத்தது தஞ்சாவூரில் மண்டல அளவுக் கண்காட்சி. அக்கா அந்த வாரம் முழுக்க இரட்டைப் பின்னலைத் தினமும் புதிதாகப் போட்டுக்கொண்டாள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பார்க்க வந்தார். அவர் சுந்தரியின் சித்தப்பா. கோபக்காரர் அல்ல, சிரித்துப் பேசுகிறவர். குனிந்து வயலைப் பார்த்தார், மடையைப் பார்த்தார், "பேஷ்" என்றார். யானையிடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மேல உக்காந்துருக்கறது யாரும்மா?"

"தலைவர், சார்" என்றாள் அக்கா.

"ராஜான்னு சொல்லு. சோழ ராஜாதானே? எந்த ஊரு ராஜாம்மா இந்தக் கலர்ல இருப்பாரு?"

அக்கா அதைப் பற்றி யோசித்ததே இல்லை. விதிப்புத்தகத்தில் தலைவன் என்றுதான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் பூசிய அதே கறுப்புப் பழுப்பு கிண்ணத்தில் மிச்சம் இருந்தது, அதை அவனுக்கும் பூசியிருந்தாள். "வெயில்லயே நின்னு சண்ட போட்டவங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியரிடம் திரும்பி, "தஞ்சாவூர்ல நாலு பேரு பாப்பாங்க சார். நம்ம ராஜாவ இப்படியா காட்டுறது? மாத்திருங்க" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

மறுநாள் மாலைக்குள் மாற்றிவிட்டார்கள். ராஜாவை மட்டுமல்ல, படையையே. ஓவிய ஆசிரியர் தடித்த பிரஷ்ஷால் எல்லா முகத்திலும் ஒரே ரோஸ் நிறத்தை அப்பியிருந்தார். நரைத்த மீசை போயிற்று, தழும்பு போயிற்று, வெற்றிலை வாய் போயிற்று. எவன் மாரிமுத்துப் பெரியப்பா, எவன் வில்லோடு வந்தவர் என்று அக்காவுக்கே தெரியவில்லை. "எனக்கு மேல இருக்கறவங்க சொல்றாங்கம்மா, நான் என்ன பண்ண?" என்று ஆசிரியர் அவள் முகத்தைப் பாராமல் பிரஷ்ஷைக் கழுவினார். இன்னொன்றும் சொன்னார். விளக்கிப் பேசுவதற்குச் சுந்தரி நிற்பாள், அவளுக்கு ஆங்கிலம் வரும். பூங்கொடி உதவிக்கு வரலாம்.

தஞ்சாவூரில் ஒரு பெரிய பள்ளியின் கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். நானும் அம்மாவும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். சுந்தரி புதுப் பாவாடை தாவணியில் மேசைக்கு முன்னால் நின்றாள். அக்கா பின்னால், சுவரோரம். நடுவராக வந்த அம்மாள் ஒவ்வொரு மேசையாக நின்று கேட்டுவந்து, எங்கள் வயலில் நெடுநேரம் கண்ணை வைத்திருந்தார். "மண்ணு, வரப்பு, மடை எல்லாம் பிரமாதமா இருக்கு. இவ்வளவு நுணுக்கமாப் பண்ணிட்டு முகத்த மட்டும் ஏன் இப்படி அப்பி வச்சிருக்கீங்க? யாரு பண்ணது?"

சுந்தரி ஒரு கணம் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். தலைமையாசிரியரும் சித்தப்பாவும் இரண்டு மேசை தள்ளி நின்றிருந்தார்கள். "எல்லாரும் சேர்ந்து பண்ணோம், மேடம்" என்றாள்.

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அக்கா சுவரோரத்திலிருந்து வந்தாள். கைப்பையிலிருந்து ரிமூவர் புட்டியை எடுத்தாள். அதை அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தாவணி நுனியை நனைத்து, யானைமேல் இருந்தவனைப் பிடுங்கி, முகத்தைத் தேய்த்தாள். ரோஸ் வந்தது, அடியில் அவள் பூசிய பழுப்பு வந்தது, அதற்கும் அடியில் சாம்பல் வந்தது. அவள் நிறுத்தவில்லை. மூக்கு இளகி, கண் இளகி, முகம் இருந்த இடம் வழவழவென்று ஆனது. அவனைத் திரும்ப யானைமேல் வைத்துவிட்டு அவள் வெளியே நடந்தாள். ஆத்திரத்தில் தெரியாமல் செய்துவிட்டாள் என்று பிறகு அம்மா எல்லாரிடமும் கெஞ்சினாள். அக்காவுக்குத் தெரியும். ரிமூவர் என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ராஜாவை அவமானப்படுத்திவிட்டாள் என்று பேச்சானது. வாய்க்கால் பாலத்தில் நாலு பையன்கள் பைக்கை நிறுத்திக்கொண்டு எங்கள் தெருவைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார்கள். ஒன்றும் செய்யவில்லை, உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வாரம் எங்கள் தெருப் பெண்கள் சுற்றுவழியில் வேலைக்குப் போனார்கள். வாசலில் கூடிச் சிரித்தவர்களே, "ஒம் பொண்ணால எங்களுக்கு எதுக்குடி வம்பு?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து அப்பா போன் செய்தார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"மன்னிப்புக் கேட்டுரு தாயி."

"நான் என்னப்பா தப்பு பண்ணேன்?"

"தப்பு பண்ணுனதுக்கு இல்லம்மா. நான் அங்க இல்ல. அம்மா தனியா இருக்கா. கேட்டுரு."

காலைக் கூட்டத்தில், கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று அக்கா கேட்டாள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குரல். நான் ஏழாம் வகுப்பு வரிசையில் நின்றேன். எதிர்வரிசையில் சுந்தரி அழுதுகொண்டிருந்தாள். அழுது என்ன? அதற்குப் பிறகு அவள் பாலம் தாண்டவில்லை. அடுத்த வருஷம் அவளைக் கும்பகோணத்தில் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஒன்றுதான் சொன்னாள்: "நான்தான் பண்ணேன்னு அவ பொய் சொல்லிருந்தாக்கூட மூஞ்சிக்கு நேரா சண்ட போட்டுருப்பேன். எல்லாரும்னு சொல்லிட்டா. எல்லாரோடயும் எப்படிடி சண்ட போடுறது?"

சிப்பாய்களைப் பள்ளிக்கூடம் திருப்பித் தரவில்லை. கேட்டுப்போக வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. மீதமிருந்த பெயின்ட் டப்பாக்களை அம்மா குப்பையில் போட்டபோது அக்கா தடுக்கவுமில்லை.

இன்று அந்தப் பள்ளியில் புதுக் கட்டடம் வந்துவிட்டது. எங்கள் சிப்பாய்கள் எந்தப் பழைய பீரோவோடு எடைக்குப் போனார்களோ தெரியாது. மாரிமுத்துப் பெரியப்பா இல்லை. நான் தேடியவரை அவருக்கு ஒரு நல்ல போட்டோகூட இல்லை. ராஜாவுக்கு மட்டும் குறைவில்லை, வருஷம் தவறாமல் பேனர் வைக்கிறார்கள், அவரவர் தெருவுக்கு அவரவர் ராஜா. அக்கா பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டியில் பில் போடுகிறாள். நான் வேலை பார்க்கிற பெங்களூரில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காபிக்கடை மாடியில் இதே விளையாட்டை ஆடுகிறார்கள். எல்லாத் தோல் நிறத்துக்கும் தனித்தனிப் புட்டியில் பெயின்ட் விற்கிறது.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது அதைச் சொன்னேன். பெட்டி, பெயின்ட், பிரஷ் எல்லாம் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமல் யோசித்தாள்.

"அனுப்பு. அடிக்கறதுக்கு என்ன, அடிச்சுருவேன். எதிர்ல உக்கார ஆளு?"

"நான் உக்காருறேன்க்கா."

"நீயா?" அக்கா சிரித்தாள், சந்தோஷமில்லாத சிரிப்பு. "நீ எப்பவும் என் கட்சிடி."