விசாரித்துப் பார்த்த வீடு

போன ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி சுதா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தோப்பும்படி பாலம் தாண்டியும் அவள் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

வைட்டிலாவில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஓனர் மகனுக்குக் கல்யாணமாம். கொச்சிக்கு வந்ததிலிருந்து மூட்டை கட்டிக் கட்டி அலுத்துப்போன சுதா, "இனிமே சொந்த வீடுதான், குருவிக்கூடா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டாள். எங்கள் சேமிப்புக்கும் அவள் நகைக்கும் கட்டுப்படியானது இந்த ஒரு ஓட்டு வீடுதான். உள்ளே போனதும் அடுப்படி ஜன்னலைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள் - அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மனசளவில் அவள் குடிவந்தாயிற்று.

அதற்காக விசாரிக்காமல் விடுகிற ஆளா நான்? பெண் கொடுக்கப் போகும் வீட்டை விசாரிப்பதுபோல விசாரித்தேன். பழைய பத்திரங்களையெல்லாம் வக்கீல் பார்த்து, சுத்தம் என்றார். கோர்ட் கேஸ்? இல்லை. பங்காளித் தகராறு? இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து, யாராவது அகால மரணம்... என்று இழுத்தேன். "அதொண்ணும் இல்ல சாரே, நல்ல வீடு" என்றார் கடைக்காரர். சந்தில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இவ்வளவு நல்ல பெயர் எடுத்த மனிதர்களைக்கூட நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு அட்வான்ஸ் கொடுக்கப் போனபோது புரோக்கர் வரத் தாமதம். வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து வீட்டு சபீனா இத்தா - அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் - உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பல காலமாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்.

சுதாவுக்குச் சாமான்கள் மேல்தான் கண். ஃபிரிட்ஜ் மேஜை மேல் நின்றது. பீரோவுக்கு அடியில் செங்கல். கட்டிலுக்கு அடியிலும் செங்கல். பிளக் பாயிண்டெல்லாம் ஆள் உயரத்தில். நாங்கள் வாங்கப் போகும் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. குழந்தைகள் கை படாமல் இருக்க என்று புரோக்கர் சொன்னபோது, என்ன ஒரு பொறுப்பு என்று மெச்சிக்கொண்டேன்.

"ஃபிரிட்ஜை ஏன் இத்தா மேல ஏத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் சுதா.

இத்தா கொஞ்சம் தயங்கினார். "விருச்சிகத்துல வேலியேற்றம் வருமில்ல மோளே... ஓடை வழியா உப்புவெள்ளம் வீட்டுக்குள்ள கேறும். கொஞ்ச நேரம் நிக்கும், பெறகு அதுவா எறங்கிப் போயிரும்."

நம் கார்த்திகையில் காயல் பொங்கி ஏறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

"பக்கத்து வீட்லயுமா?"

"இந்தச் சந்து முழுக்கத்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னைக்கு வந்து அவ்வளவு கேட்டேனே, ஏன் சொல்லல?"

"நீங்க கேஸ் உண்டா, சண்டை உண்டா, யாராச்சும் மவுத்தானாங்களான்னுதானே கேட்டீங்க? வெள்ளத்தைக் கேக்கலையே." பிறகு குரல் இறங்கிவிட்டது. "நாங்களும் இதை வித்துட்டுப் போகத்தான் நிக்கிறோம் தம்பி. உப்புவெள்ளத்துல நின்னு நின்னு எங்க வீட்டுக்காரருக்குக் கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது. வெளிய தெரிஞ்சா யாரு வாங்குவா? உங்களுக்கு வேண்டாம்னா விட்டுருங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை, வெறும் துக்கம்தான். ஒரு வீட்டின் பழைய கதையை அக்கம்பக்கத்தில் கேள் என்கிறார்கள். அக்கம்பக்கமே அதே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் சுதா வாய் திறந்தாள். "பேசாம வாங்கியிருக்கலாமோ? நாமளும் ஒரு மேஜை வாங்கிப் போட்டா..."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எந்தச் சந்து என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். இத்தாவின் பெயரைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சொன்னால் அவர் வீடு விற்காது. சொல்லாவிட்டால் உங்களில் யாரோ ஒருவர் அதை வாங்குவீர்கள்.

நான் சொல்லப்போவதில்லை.