நாற்காலியை விட்டு எழாத சரளா

எங்கள் துளு நாடகக் குழுவில் மேடையேறிய நாளிலிருந்து ஹரிணாட்சிக்குக் கிடைத்தவை இரண்டே வேடங்கள்தான். ஒன்று, கதாநாயகனின் அம்மா. மற்றொன்று, மருமகனையும் புருஷனையும் துடைப்பத்தால் விளாசும் மாமியார். அவளுக்குப் புருஷனாக நடித்து அதிகம் அடி வாங்கியவன் நான். பகலெல்லாம் கின்னிகோளியில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுவாள். நாடகம் இருக்கும் நாட்களில் கணவர் உமேஷ் தன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

மனோகர் என்ற இளைஞன் சொந்த நிலத்தை விற்று 'சரளாவின் படகு' என்று ஒரு படம் எடுக்கக் கிளம்பியபோது, கதாநாயகி வேடத்துக்கு மங்களூரில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பது வயது விதவை வேடம், அதில் ஒரு பாட்டுகூட இல்லை. கடைசியில் அவன் ஹரிணாட்சியிடம் வந்தான்.

மால்பெ துறைமுகத்தில் படப்பிடிப்பு. நானும் சின்ன வேடத்தில் இருந்தேன். கடலில் இறந்துபோன கணவனின் படகுப் பங்கைக் கேட்டு சரளா மீனவர் சங்கத்துக்கு வரும் காட்சி. கைகூப்பி அழ வேண்டும் என்று எழுதியிருந்தது. ஹரிணாட்சி அழவில்லை. நேராகப் போய்த் தலைவரின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையோடு கொண்டுவந்த முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றத் தொடங்கிவிட்டாள். இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டினாள். கண் மட்டும் தலைவரை விட்டு நகரவில்லை. தலைவராக நடித்தவருக்கு வசனம் மறந்து போயிற்று. மனோகர் 'கட்' சொல்லவே இல்லை.

"அக்கா, நான் இப்படி எழுதலையே" என்றான் பிறகு.

"பங்கு கேக்க வந்தவ அழுதா, துடைக்கத் துண்டு குடுத்து அனுப்பிடுவாங்கப்பா. உக்காந்தாதான் பயப்படுவாங்க."

உண்மையைச் சொன்னால், படம் சுமார்தான். ஒலி சரியில்லை. பயத்தில் மனோகர் நடுநடுவே ஒரு நகைச்சுவை நடிகரைப் புகுத்தியிருந்தான். ஆனால் அவள் திரைக்கு வந்ததும் எல்லாம் நிமிர்ந்து உட்காரும். அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. சுவரொட்டி முழுக்க நகைச்சுவை நடிகர் பல்லைக் காட்டினார். அவள் முகம் ஒரு மூலையில் கிடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய படம் வந்ததும் எல்லா அரங்கிலும் எங்கள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். மனோகர் போனை அணைத்துவிட்டு வீட்டிலேயே முடங்கினான்.

ஹரிணாட்சி என்னையும் இழுத்துக்கொண்டு கார்க்களாவில் இருந்த பழைய தியேட்டருக்குப் போனாள். சதானந்த பை என்பவர் அங்கே மேலாளர். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"பொம்பளை பங்கு கேக்குற கதைக்கு யாரும்மா வருவா?"

"பங்கு கிடைக்காத பொம்பளைங்க வருவாங்க. ஞாயித்துக்கிழமை காலைல உங்க தியேட்டர் பூட்டித்தானே கிடக்கு? அதைக் குடுங்க."

"காலி நாற்காலிக்குப் படம் போட்டா மிஷினே என்னைப் பாத்து சிரிக்கும்."

"அப்ப மிஷின் கூட நானும் சேந்து சிரிக்கிறேன். முதல்ல குடுங்க சார்."

மேலாளர் கொடுத்தார். அவளை எழுப்பி அனுப்ப வேறு வழி தெரியாமல் கொடுத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் உமேஷின் ஆட்டோ பீடிக் கடை பீடிக் கடையாகப் போயிற்று. சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு இலை வாங்கப் பெண்கள் வரிசையில் நிற்கும் இடங்கள் அவை. அவளும் வரிசையோடு வரிசையாக நின்று பேசினாள். கார்க்களா கடையில் குலாபி என்ற அம்மாளின் பேச்சுதான் எடுபடும்.

"ஞாயித்துக்கிழமை நான் கிளம்பிட்டா வீட்டுல மீன் குழம்பு யாருடி வைப்பா? உன் டைரக்டரா?"

"உன் புருஷன் வைக்கட்டும் குலாபியக்கா. ஒரு நாள் உப்பு கூடினா செத்தா போயிடுவாரு?"

"செத்துட்டா படகாவது கிடைக்குமா?"

வரிசை முழுவதும் சிரித்தது. ஹரிணாட்சி சிரிக்கவில்லை. "கிடைக்காது. அதைத்தான் படத்துல கேக்குறேன். வந்து பாரு" என்றாள்.

ஞாயிறு காலை மழை கொட்டியது. தியேட்டர் வாசலில் நானும் மனோகரும் நின்றோம். அவனை உமேஷ்தான் வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். முதலில் யாரும் வரவில்லை. பிறகு பேருந்து நிறுத்தத்திலிருந்து குடைகள் வரத் தொடங்கின. பாதி அரங்குக்கு மேல் நிறைந்தது.

நகைச்சுவைக் காட்சிகள் வந்தபோது பெண்கள் தங்களுக்குள் ஊர்க்கதை பேசினார்கள். மனோகர் நெளிந்தான். சரளா சங்கத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவள் உட்கார்ந்து நூலைச் சுற்றியபோது இருட்டுக்குள்ளிருந்து குலாபியின் குரல் வந்தது.

"எந்திரிக்காதடி! அவனுங்க எந்திரிக்கட்டும்!"

அரங்கமே அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டது. எனக்குப் பக்கத்தில் ஹரிணாட்சி சேலைத் தலைப்பை வாயில் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். படத்தில் அழாதவள் அங்கே அழுதாள்.

அடுத்த வாரத்துக்கும் மேலாளர் காலைக் காட்சி கொடுத்தார். மூடபிதிரியிலிருந்தும் உடுப்பியிலிருந்தும் கேட்டார்கள். மனோகர் நகைச்சுவைக் காட்சிகளை வெட்டி எறிந்தான். படம் பெரிதாக ஓடிவிடவில்லை. விற்ற நிலமும் அவனுக்குத் திரும்பவில்லை. ஆனால் அடுத்த கதையை அவன் ஹரிணாட்சியை வைத்தே எழுத ஆரம்பித்தான்.

அதற்குள் பெங்களூரிலிருந்து ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக அவளுக்கு போன் வந்தது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மாமியார் ரோலா? சரி, அவ என்ன பண்றா?" என்று கேட்டாள். எதிர்முனை ஏதோ விளக்கியது.

"மருமக அழுறதைப் பாத்துட்டு நிக்கிறதா? அதுக்கு ஒரு தூண் போதுமே சார். அவளுக்குன்னு ஒரு வேலை எழுதிட்டுக் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும்தான் அண்ணா. வர்ற சீசன் நாடகத்துல அம்மா வேஷத்துக்கு வேற ஆளைத் தேடுங்க. எனக்குன்னு கதை இருந்தா சொல்லியனுப்புங்க, வர்றேன்."

தொடர்க்காரர்கள் மறுபடி கூப்பிடவில்லை. எங்கள் குழுவில் கூடிப் பேசினோம், கொஞ்சம் சண்டையும் போட்டோம். தீபாவளிக்குப் பிறகு முல்கியில் அரங்கேறிய நாடகத்தில் ஹரிணாட்சி பஸ் முதலாளி. நான் அவளிடம் வேலை பார்க்கும் கண்டக்டர்.