பெரகல இறக்கத்தில் உருண்ட கார்

எழுபதுகளில் இலங்கை மலைநாட்டுப் பதுளையில் புடவைக்கடை வைத்திருந்தேன். என் பழைய கார் சில வாரங்களாக வளைவுகளில் தொட்டில் போல ஆடியது.

"ஏங்க இப்படி ஆடுது? தலை சுத்துது" என்றாள் என் மனைவி ஜெசீமா.

"ரோடு மோசம்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் இருவரும் பெரகல இறக்கத்தில் போகும்போது கார் ஒரு குழியில் விழுந்தது. துள்ளல் அடங்கவேயில்லை. வளைவில் பின்பக்கம் வெளியே வீசியது. மண்மேட்டில் மோதி, உருண்டு, தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் தலைகீழாக நின்றது. கண்ணாடி கிழித்து ஜெசீமாவின் முகமெல்லாம் இரத்தம். என் தோள் எலும்பு முறிந்திருந்தது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். "அசையாதீங்க மொதலாளி, காரு சரியுது!" என்று ஒருத்தி கத்தினாள். சிலர் காரைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் எங்களை ஜன்னல் வழியாக இழுத்தெடுத்தார்கள். அவர்கள் கையை விட்டதும் கார் பள்ளத்துக்குள் போய் நொறுங்கியது.

பிறகு அதைப் பார்த்த மெக்கானிக், "பின் ஷொக் எப்சோபர் ரெண்டிலயும் எண்ணெய் வடிஞ்சு போயிருக்கு. ஸ்பிரிங் துள்ளினா அடக்க ஒண்ணுமில்ல" என்றார்.

இப்போது எந்தக் காராயினும் பயணத்துக்கு முன் அதன் நாலு மூலையையும் அழுத்திவிட்டுப் பார்க்கிறேன். ஒருமுறை எழும்பி அடங்கினால்தான் ஏறுவேன். ஜெசீமா தானும் அழுத்திப் பார்த்த பிறகுதான் கதவைத் திறக்கிறாள்.