சும்மா போன இரண்டு நாள்

"தங்கச்சி வீட்டுக்கு ரெண்டு நாள் போயிட்டு வரேன்" என்றேன். "எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். "சும்மாதான்" என்றேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆன பொம்பளை பையைத் தூக்கினால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். காதுகுத்து, கருமாதி, வளைகாப்பு, யாருக்காவது ஆபரேஷன். அது எதுவும் இல்லையா, அப்படியானால் புருஷனோடு சண்டை போட்டுக் கோபித்துக்கொண்டு போகிறாள். வேறொன்று கிடையவே கிடையாது. வில்லியனூர் பஸ் ஸ்டாப்பில் நின்றபோதே பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்றாள். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை என்றதும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பையில் இருந்தது பாதி தைத்த போர்வை. என் பழைய புடவைகள், அவருடைய லுங்கி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட சட்டை, எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு, அடியில் நூல் புடவையை மடித்து வைத்துக் கையாலேயே தைக்கிறேன். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நல்ல மனுஷன், பிள்ளைகளும் தங்கம். ஆனால் ஊசியில் நூலைக் கோத்தால் போதும், "அம்மா, சார்ஜர் எங்க?" "இந்தா, டீ இருக்கா?" ஆறு மாசமாக அது நகரவில்லை. கூப்பிட ஆள் இல்லாமல் ரெண்டு நாள் உட்கார்ந்தால் முடித்துவிடுவேன். நான் கேட்டது அதைத்தான்.

கிருமாம்பாக்கத்தில் என் தங்கச்சி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பாயைப் போட்டாள். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய துண்டுகளை ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டினாள். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பேச்சுகூட அதிகம் இல்லை. மத்தியானம் நெத்திலிக் குழம்பு, மறுபடி ஊசி. ஐயோ, என்ன சுகம்! அன்றைக்கு முழுக்க என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு வாசலில் பைக் வந்து நின்றது. என் வீட்டுக்காரர், பின்னால் அவருடைய அண்ணன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ரெண்டு முழம் பூ. சமாதானம் பேச வந்திருக்கிறார்களாம்!

"இன்னாம்மா பிரச்சனை? எதுவா இருந்தாலும் மனசு உட்டுச் சொல்லு. இவன நான் கேக்கறேன்" என்றார் அண்ணன்.

"ஒரு பிரச்சனையும் இல்ல மாமா. போர்வை தைக்க வந்தேன்."

"ஏன், வூட்டுல தச்சா ஊசி ஏறாதா? யார் காதுல பூ சுத்தற? ஆட்டோ சொல்லியாச்சு, கெளம்பு."

என் வீட்டுக்காரர் பாவம், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவருக்கே சந்தேகம், தான் ஏதோ சொல்லித் தொலைத்துவிட்டோமோ என்று. பாயில் போர்வை விரிந்து கிடந்தது. இன்னும் ஒரு மூலைதான் பாக்கி. நாலு தடவை உண்மையைச் சொன்னேன், நாலு தடவையும் அண்ணன் சிரித்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஆமா மாமா. இவரு என்னை ரொம்பப் பேசிட்டாரு. மனசு ஆறல. இப்ப வர மாட்டேன்" என்றேன்.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? டேய், நாலு நாள் இருந்துட்டு வரட்டும்டா. கோவம் அடங்கட்டும்."

வெளியே போகும்போது என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "நான் இன்னாடி சொன்னேன் உன்ன?" என்றார். அண்ணன் எதிரிலேயே நின்றதால் நான் குனிந்து ஊசியை எடுத்தேன்.

மத்தியானமே போர்வையை முடித்துவிட்டேன். நிஜத்தைச் சொன்னபோது ரெண்டு நாள் தர மாட்டோம் என்றவர்கள், பொய்க்கு நாலு நாள் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு தப்பும் பண்ணாத அந்த மனுஷனை வில்லியனூர் போய்ச் சேரும்வரை அண்ணன் திட்டிக்கொண்டே போனாராம்.