ஜூலைத் தாள்

என் அத்தை இருபத்தாறு வருடமாக ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். மாதத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அந்த நாளில் முன்பு நடந்தவை, இரண்டே வரியில். ஆதாரம் இல்லாத வரி அவள் மேசையைத் தாண்டாது.

“அக்காகிட்ட பொண்டாட்டி பேரைச் சொன்னாக்கூட கல்யாணப் பத்திரிகையைக் கேப்பாங்க,” என்பார் மெஷின்காரர்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு, அவள் எதிரில் உட்கார்ந்து மூலப் பிரதியை உரக்கப் படிக்கும் வேலை. நான் படிக்கப் படிக்க அவள் பேனா முனை அச்சுத்தாளில் ஊர்ந்து வரும்.

ஜூலை பத்தொன்பது. “படகு கவிழ்ந்து 41 பேர் பலி” என்று படித்தேன். பேனா நின்றது. 41ஐ அடித்து 42 என்று எழுதினாள்.

அந்த இன்னொருவர் என் மாமா, அத்தையின் கணவர். கடைசி நிமிடத்தில் அவர் கரையிலிருந்து தாவி ஏறியதை அத்தை கண்ணால் பார்த்தாள். பயணிகள் பட்டியலில் பெயரில்லை; உடலும் கிடைக்கவில்லை. ‘காணவில்லை’ என்று எழுதிப் போலீஸார் கோப்பை மூடிவிட்டார்கள். வருடா வருடம் அந்த 41ஐச் சரிபார்த்து அனுப்பியவள் அவள்தான். இந்த வருடத்தோடு அவளுக்கு ஓய்வு.

“அத்தை, முதலாளி பாப்பாரு.”

“பாக்கட்டும். நீ படி.”

கீழே மெஷின் தயாராக நின்றது. கையெழுத்துப் போட வந்த முதலாளி, பத்தொன்பதில் விரலை வைத்தார். அத்தை எழுந்து நின்றாள்.

“நாப்பத்திரெண்டா? எதுல இருக்கு?”

“நான் பாத்தேன்.”

“இதே பதிலைச் சொன்ன ரெண்டு பேரை வேலையைவிட்டு அனுப்பச் சொன்னது நீங்கதானேக்கா.”

“ஓட்டலாமா?” என்று கீழிருந்து குரல் வந்தது.

அத்தை 42ஐ அடித்தாள். பிறகு அந்த வரியையே அடித்துவிட்டு, ஓரத்தில் நிதானமாக எழுதினாள்: ‘படகு கவிழ்ந்தது. உடல் கிடைத்தவர்கள் 41 பேர். கிடைக்காதவர் ஒருவர்.’

“இது போலீஸ் பைல்ல இருக்கு. போய்ப் பாத்துக்குங்க.”

“மொத்தம் மூணு வரி ஆயிடுதே. கட்டத்துல இடமில்ல.”

அதே கட்டத்தில், மேலே, ஒரு மேம்பாலத் திறப்பு இருந்தது. அத்தை அதன் மேல் கோடு இழுத்தாள்.

“பாலம் எங்கயும் போயிடாது.”

முதலாளி கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, படிக்கட்டில் எட்டிப் பார்த்து, “ஓட்டுங்க,” என்றார்.

முதல் தாள் வெளியே வரும்வரை அத்தை உட்காரவில்லை.