பூட்டுக்குள் கிடந்த பித்தளைத் துண்டு

எங்கள் வீட்டு வாசல் கதவு தேக்கு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கதவு ஊறிப்போய் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த வருடம் சாவி திரும்ப அடம்பிடித்தபோது மழையைத்தான் குற்றம் சொன்னேன். ஒரு கையால் கதவை என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருப்பினால் திறந்தது. இரண்டு மூன்று வாரம் அப்படி ஓட்டினேன். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய்கூட விட்டுப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேலையிலிருந்து வந்தபோது சாவி பாதி போய் நின்றுவிட்டது. உள்ளே போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

தஞ்சாவூருக்கு வெளியே, பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு வரை நடவு நடந்த வயலில் போட்ட நகர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் இப்போதும் வாய்க்கால் ஓடுகிறது. அப்போது வீட்டில் நான் மட்டும்தான். கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். இன்றைக்கும் அங்கேதான்.

குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபடியே, கதவு செய்து கொடுத்த ஆசாரிக்குப் போன் செய்தேன். அரை மணியில் வந்துவிட்டார். மெல்லிய கம்பி ஒன்றை வளைத்து உள்ளே விட்டு ஏதோ நெம்பினார். அப்புறம் என் சாவியை வாங்கிப் போட்டார். திறந்துகொண்டது.

"எண்ணெய் விட்டீங்களாம்மா?"

"விட்டேன்."

"விடக்கூடாது. தூசியெல்லாம் புடிச்சுக்கும். ஆனா இது எண்ணெயால வந்தது இல்ல. உள்ள என்னமோ கெடக்கு."

கதவின் ஓரத்திலிருந்து பூட்டைக் கழற்றி, ஹால் தரையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் வைத்துத் திறந்தார். உள்ளே தகடு தகடாக அடுக்கியிருந்தது. அதற்கு நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டை இடுக்கியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். மஞ்சளாக மினுங்கியது.

"சாவியோட பல்லு. ஒடைஞ்சு உள்ள நின்னுருச்சு. உங்க சாவியெல்லாம் எடுத்துட்டு வாங்க."

பூட்டோடு வந்தவை மூன்று. ஒன்று என்னிடம், ஒன்று பீரோவில், இன்னொன்று குவைத்தில் அவரிடம். இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டுமே வெள்ளைச் சாவிகள். ஒரு பல்லும் உடையவில்லை. ஆசாரி தன் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து என் சாவியில் வைத்தார், ஒட்டியது. மஞ்சள் துண்டில் வைத்தார், ஒட்டவில்லை.

"இது பித்தளைம்மா. கடையில வெட்டின டூப்ளிகேட். அரம் போட்டுச் சரியா ராவல, பிசிறு இருக்கு. அதைப் போட்டுப் போட்டுத்தான் தகடெல்லாம் கீறிக் கெடக்கு, பாருங்க. ஒரு நாள் ரெண்டு நாள் போட்டது இல்ல இது."

நான் எந்தக் காலத்திலும் டூப்ளிகேட் சாவி வெட்டியதில்லை. அதை அவரிடம் சொன்னதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "பூட்டையே மாத்திருவோம். இன்னிக்கே மாத்திருவோம்" என்றார். அவரே கீழவாசல் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்து, மரத்தைக் கொஞ்சம் செதுக்கி, அன்று ராத்திரியே பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு முழுக்கத் தேடினேன். நகை இருந்தது. நிலப் பத்திரம் இருந்தது. ஒரு ஸ்பூன்கூடக் குறையவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எடுத்துக்கொண்டு போக வராதவன் வேறு எதற்காக வந்தான்? நான் கொடியில் போட்டுவிட்டுப் போன துணிகளையும் கசங்கிக் கிடந்த படுக்கையையும் பார்த்தேன். எல்லாவற்றையும் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்தான். நான் வேலைக்குப் போகக்கூடாது என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றபோது, "படிச்ச பொண்ண வீட்டுல பூட்டி வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டு வாயை அடைத்தவர். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினைந்து நாள் கஞ்சி கொண்டுவந்தவர். அம்மாவிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொல்லியிருக்கிறேன். பித்தளைத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனேன்.

அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "போலீஸ்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுத்துரலாம்னு பாக்கறேன் அண்ணி. நீங்க கூட வாங்க."

அண்ணியின் கை நின்றது. பிறகு எழுந்து உள்ளே போனார். சாமி அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் எதிரில் ஒரு சாவியை வைத்தார். மஞ்சள் சாவி. நுனியில் ஒரு பல் இல்லை.

"திருடன்லாம் இல்லம்மா" என்றார். "நான்தான்."

கொஞ்ச நேரம் எனக்கு அது புரியவே இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருப்பார், கேஸ் அணைத்தேனா என்று பார்க்க வந்திருப்பார் என்று அவருக்காக நானே காரணம் தேடினேன். அவர்தான் அதையும் கெடுத்தார்.

"தம்பி போன தடவ லீவுல வந்தப்ப குடுத்துட்டுப் போனான். வாரத்துல ஒரு நாள், நீ வேலைக்குப் போனதுக்கு அப்புறம் போய்ப் பாருன்னான்."

"என்னத்தப் பாக்க?"

கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னத்தப் பாக்கச் சொன்னாரு அண்ணி?"

"யாராச்சும் வந்து போறாங்களான்னு." குரல் தேய்ந்துவிட்டது. "சிங்க்ல எத்தன டம்ளர் கெடக்குன்னு பாக்கச் சொன்னான். குப்பைக் கூடையப் பாக்கச் சொன்னான். நான் ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. சத்தியமா. ஒரே டம்ளர்தான் இருக்குன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

என் கணவர் லீவு முடிந்து போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் எச்சில் டம்ளரை எண்ணிக் குவைத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிலநேரம் போனில் அவர், "புதுச் செருப்பு வாங்கினியா?" என்றோ "ஹால்ல நாற்காலிய இடம் மாத்திட்டியா?" என்றோ கேட்பார். நான்தான் ஏற்கெனவே சொல்லியிருப்பேன், மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு தூரத்தில் இருந்தும் வீட்டு நினைப்பாகவே இருக்கிறாரே என்று உருகியும் இருக்கிறேன்.

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லியிருக்கணும்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் போகலன்னா வேற யாரையாச்சும் அனுப்புவான்னு நெனச்சேன். நானா இருந்தா உனக்குக் கெடுதல் வராதுன்னு நெனச்சேன்."

எழுந்துகொண்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒன்றுதான் கேட்டேன். பூட்டு மாற்றியதைத் தம்பியிடம் சொல்ல வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று. அண்ணி தலையாட்டினார்.

ஆனால் நான் பேசவில்லை. தினமும் வீடியோ காலில் அவர் முகத்தைப் பார்ப்பேன். சாப்பிட்டாயா, மழை எப்படி, நம்ம சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்பார். பதில் சொல்வேன். கேள்வி தொண்டை வரைக்கும் வரும். போனில் கேட்டால் போனை வைத்துவிடலாம். அவர் என் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தது எனக்கு.

தை மாதம் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானே கார் பேசிக்கொண்டு போய் அழைத்து வந்தேன். காலை எட்டு மணி இருக்கும். டிரைவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். இவர் சந்தோஷமாகப் படியேறி, தன் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவில் போட்டார். போகவில்லை. திருப்பிப் போட்டார். குனிந்து பார்த்தார்.

"பூட்ட மாத்திட்டியா?"

"ஆமா."

"எப்ப?"

"ஐப்பசியில."

"ஐப்பசியிலயா? அக்கா போன வாரம்கூட உள்ள போய்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. டிரைவர் கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். எனக்கும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது: இரண்டரை மாதமாக அண்ணி, வீட்டுக்குள்ளே வராமலேயே, வந்து பார்த்ததாகத் தம்பியிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

கதவைத் திறந்தேன். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"யாரோ வெளியாளையா அனுப்பினேன்? எங்க அக்காவத்தான அனுப்பினேன்."

"அது ஒரு சமாதானமாங்க?"

"அங்க இருந்து பாரு, தெரியும். எங்க ரூம்ல ஒருத்தன் பொண்டாட்டி வேற ஒருத்தனோட போயிட்டா. ராத்திரி பகலா அதே பேச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு."

"பயமா இருந்தா என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ வருத்தப்படுவ."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் சிரித்ததை அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். எழுந்து குளிக்கப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். ஏமாற்றிவிட்டாளாம். என்னிடம் ஒரு மன்னிப்பு இல்லை. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் மட்டும் இருந்தது. லீவு முழுக்க ஒரே வீட்டில் இருந்தோம். புதுச் சாவியில் ஒன்றை நானே அவர் கையில் கொடுத்தேன், அவர் வீடும்தானே. "இதுல இன்னொண்ணு வெட்டினீங்கன்னா, நான் மகளக் கூட்டிக்கிட்டுத் தனியா வீடு பாத்துப் போயிருவேன்" என்றேன். வாங்கிக்கொண்டார்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். சொந்தமாக ஏசி வேலை பார்க்கிறார். வெளியே பார்ப்பவர்களுக்கு நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். டீ குடித்த டம்ளரை உடனே கழுவிக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதை அவர் கவனித்திருப்பார். கேட்டதில்லை.

அண்ணியும் நானும் கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டும் இருக்கிறோம். போன மாசிக்குப் பிறகு ஒரு நாள் காலை, வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பரிசோதனைக்கு என் இடத்துக்கே வந்தார். வழியில் இரண்டு மூன்று லேப் இருக்கின்றன. அதையெல்லாம் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ரத்தம் எடுக்க வேறு பெண் முன்னால் வந்தபோது, "அவ எடுக்கட்டும்" என்று என்னைக் காட்டினார்.

இளைத்துப் போயிருந்தார். கையைக் கட்டி நரம்பைத் தடவித் தேடினேன். கிடைக்கச் சிரமமாக இருந்தது.

"வலிக்குதா அண்ணி?"

"இல்லம்மா."

பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கச் சொன்னேன். மடக்கிக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள்.

"ஒரு நாள் வீட்டுக்கு வரட்டுமா?" என்றார்.

குழாயில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"வாங்க அண்ணி. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வாங்க."

சரி என்று போனார். ரிசல்ட்டை மகனை அனுப்பி வாங்கிக்கொண்டார். போன் இன்னும் வரவில்லை. நானும் பண்ணவில்லை.